குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோமா ஊருக்கு ஊர் மாறுவது ஏன்? கேள்வி பதில்

டாக்டர், இந்த நோய் உலகம் முழுக்க ஒரே அளவில்தானே வரும்?

இல்லை. லிம்ஃபோமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். அந்த ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரவல். பர்கிட் லிம்ஃபோமா வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலும் பப்புவா நியூ கினியிலும் குழந்தைகளை அதிகம் தாக்குகிறது. ஐரோப்பாவில் அது அரிது. உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், தாடை வீங்கி வந்த குழந்தைகளைப் பற்றி 1958-இல் எழுதினார். அப்புறம் காரில் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். குளிர்ந்த மலைப்பகுதிகளில் நோய் கிட்டத்தட்ட இல்லை. மலேரியா ஓயாத தாழ்நிலங்களில்தான் இருந்தது. 1964-இல் அந்தக் கட்டியின் செல்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது.

அப்படியென்றால் ஆப்பிரிக்கர்களின் மரபணுதான் காரணமா?

முக்கியக் காரணம் அதுவல்ல. அமெரிக்காவில் வளரும் கறுப்பினக் குழந்தைகளுக்கு இது அந்த அளவில் வருவதில்லை. ஆப்பிரிக்காவிலேயே, மலையிலிருந்து தாழ்நிலத்துக்குக் குடியேறியவர்களுக்குச் சற்றுப் பெரிய வயதிலும் வந்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே வைரஸ் தொற்றி, மேலே மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது, பி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. அவற்றை அடக்கும் டி செல்கள் தளர்கின்றன. அந்த நிலையில் மரபணுப் பிழை நேரும் வாய்ப்பு கூடுகிறது. இனத்தின் மீது பழி போடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

என் மகனுக்கும் அந்த வைரஸ் தொற்றியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம் அம்மா. உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் உடலில் அது இருக்கிறது.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவும் இப்படித்தானா?

அங்கே வயதுதான் பெரிய வித்தியாசம். வசதி குறைந்த நாடுகளில் பத்து வயதுக்குள்ளேயே, குறிப்பாகச் சிறுவர்களுக்கு வருகிறது. வளர்ந்த நாடுகளில் பதின்பருவத்திலும் இளமையிலும்தான் அதிகம். கிழக்கு ஆசியாவில் மொத்தத்திலேயே குறைவு. இந்த நோயில் மரபுக்கும் பங்கு உண்டு.

ஒரு நாட்டில் எண்ணிக்கை குறைவு என்றால் நோயே குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

சரியான புற்றுநோய்ப் பதிவேடு இல்லாத இடத்தில் அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. திசுப் பரிசோதனை நடக்காமலே இறந்துபோகும் குழந்தை எந்தக் கணக்கிலும் வராது. பத்து லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை என்று ஒப்பிடும் அட்டவணையைப் பார்த்தால், அந்தப் பதிவேடு எவ்வளவு முழுமையானது என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் குடும்பம் ஆபத்து அதிகமுள்ள பகுதியைச் சேர்ந்தது. முன்கூட்டியே டெஸ்ட் எடுக்கலாமா?

அதற்கென்று ஸ்கிரீனிங் எதுவும் கிடையாது. கழுத்தில் வலியில்லாத கட்டி சில வாரங்களாகியும் கரையாவிட்டாலும், தாடை அல்லது வயிறு வேகமாக வீங்கினாலும், காரணமில்லாமல் காய்ச்சலும் எடைக்குறைவும் தொடர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நல்ல சிகிச்சை கிடைத்தால் ஹாட்ஜ்கின் வந்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள்.