ரஃபேல் கூபெலிக்: கேட்டவர்களுக்குப் பதில்

செக் இசைக்குழு நடத்துநரும் இசையமைப்பாளருமான ரஃபேல் கூபெலிக் (1914–1996) பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: வயலின் மேதை யான் கூபெலிக்கின் மகன்தானே? அப்பா பெயரால் ஏறி வந்தவரா?

பதில்: மகன்தான். அப்பாவின் கச்சேரிகளுக்குப் பியானோ வாசித்தவரும்கூட. ஆனால் பத்தொன்பது வயதில் செக் பில்ஹார்மோனிக் என்ற பெரிய இசைக்குழுவின் முன்னால் போய் நின்றால், அப்பா பெயர் முதல் ஐந்து நிமிடம்தான் தாங்கும்.

கேள்வி: கோலை ஆட்டுவதைத் தவிர நடத்துநருக்கு என்ன வேலை?

பதில்: பஸ் நடத்துநரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை! ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான குழுக்களில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் இடப்பக்கமே சேர்ந்து அமர்ந்த காலம் அது. கூபெலிக் இரண்டாம் வயலின்களை வலப்பக்கம் உட்கார வைத்தார். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று இசை எதிரெதிரே பேசிக்கொள்ளும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சொந்த நாட்டைக் கைவிட்டு ஓடியவர் என்கிறார்களே?

பதில்: 'ஓடியவர்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. நாஜிகள் ஆண்ட காலம் முழுவதும் அங்கேயேதான் இருந்தார். நாஜி வணக்கம் செலுத்த மறுத்தார். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலை விழாவில் மொஸார்ட்டின் 'டான் ஜொவானி' ஓபராவை நடத்தப் போனவர் திரும்பவில்லை. ஒரு கொடுங்கோன்மையைப் பார்த்தாகிவிட்டது, இன்னொன்றின் கீழ் வாழ மாட்டேன் என்பதுதான் அவர் நிலை.

கேள்வி: சிகாகோவில் தோற்றுப்போனாரா?

பதில்: சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1950 முதல் 1953 வரைதான் தாக்குப்பிடித்தார். புதிய இசையை நிறைய வாசிக்க வைத்தார். உள்ளூர் விமர்சகர் கிளாடியா காசிடி விடாமல் தாக்கினார். ஆனால் 1951இல் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த, ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையைக் கேளுங்கள். தோற்றவர் செய்த வேலையாகவா இருக்கிறது? பிறகு 1961இலிருந்து 1979 வரை மியூனிக்கில், பவேரிய வானொலிக் குழுவோடு நிலைத்துவிட்டார்.

கேள்வி: சொந்தமாக என்ன இயற்றினார்?

பதில்: ஓபராக்கள், சிம்பொனிகள், இறந்த முதல் மனைவிக்காக ஓர் இரங்கல் இசை. அதிகம் வாசிக்கப்படுவதில்லை.

கேள்வி: எந்தப் பதிவில் தொடங்கலாம்?

பதில்: செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'என் தாயகம்'. ஒலித் தெளிவுக்கு 1971 பாஸ்டன் பதிவு. என் ஓட்டு 1990க்குத்தான். மூட்டுவலியால் 1985இலேயே ஓய்வு பெற்றவர், கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் 42 ஆண்டுகள் கழித்துப் பிராக் திரும்பி நடத்தியது. இரண்டாம் பகுதியில் வல்தவா நதி பிராக்கின் விஷெஹ்ராட் குன்றை நெருங்கும்போது, முதல் பகுதியில் ஹார்ப்பில் கேட்ட மெட்டு முழுக் குழுவோடு திரும்பி வரும். கூபெலிக்கின் கல்லறையும் அந்தக் குன்றில்தான், அப்பாவோடு.