தாயகம் திரும்பியவர்கள் அதிகம் உள்ள கத்தோலிக்கப் பங்கில் திருவிழாச் சாப்பாடு எப்படி இருக்கும்?

எங்கள் பங்கையே சொல்கிறேன். கூடலூர் பக்கம், தேயிலைக்கு நடுவில் சின்னக் கோயில். இங்குள்ள குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் கண்டி, அட்டன் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்தவை, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் இந்த மலைக்கு. இவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு ஆரம்பித்த தோட்டம்தான் இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). இங்கேயே பிறந்த என்னையும் சேர்த்து ஊரில் இன்னும் 'சிலோன்காரங்க'தான்.

திருவிழா அந்தோனியாருக்கு, ஜூன் 13. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார்மேல் எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு பக்தி. ஆனால் கூடலூரில் ஜூன் என்றால் மழை கொட்டும், தார்ப்பாய்க்கு அடியில் ஈர விறகோடு மல்லுக்கட்டித்தான் சமையல்.

மத்தியான அசனம் (பொது விருந்து) சோறு, சாம்பார், கறிக்குழம்பு, எல்லா ஊரிலும் உள்ளதுதான். விசேஷம் காலைப் பூசை முடிந்ததும் தரும் ரொட்டியும் சம்பலும். மைதாவில் தேங்காய்த்துருவலும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிமனாகத் தட்டி, ஓரம் கருகுகிற வரை கல்லில் விடுவார்கள். சம்பல் பெரியம்மாக்கள் பொறுப்பு: அம்மியில் முதலில் காய்ந்த மிளகாயும் உப்பும், அப்புறம் மாசிக்கருவாடு, கடைசியில்தான் சின்ன வெங்காயம், அதுவும் ஒன்றிரண்டாக நசுங்கினால் போதும், எலுமிச்சை பரிமாறும்போது. மிக்ஸியைக் கொண்டுபோனால் திட்டு விழும் (நியாயம்தான், வெங்காயம் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும்). கூடவே சூடாகப் பிளேன்டீ. பக்கத்து மலையாளக் குடும்பங்கள் அவித்த கப்பை (மரவள்ளிக் கிழங்கு) கொண்டுவருவார்கள். அதைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், மீன்கறியெல்லாம் அப்புறம்தான்!

இப்போது சிக்கல் ஆள்தான். தோட்டக் கூலி கட்டுபடியாகாமல் இளவட்டங்கள் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள், திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை வெங்காயம் உரிக்கச் சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் பிரியாணிக்காரரிடம் விட்டுவிடலாம் என்று போன வருஷம் அன்பியக் கூட்டத்தில் (அன்பியம் என்றால் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) ஒருவர் சொல்லப்போய் பெரிய சண்டை. மத்தியானத்துக்கு வேண்டுமானால் பிரியாணி, காலைக்கு ரொட்டிதான் என்று முடிந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பிரியாணியும் தேவையில்லை.

வருவதாக இருந்தால் காலைப் பூசைக்கே வந்துவிடுங்கள், தேர்ப்பவனிக்கு வந்தால் போதும் என்று இருந்தால் சம்பல் கிடைக்காது.