யு-534 நீர்மூழ்கியைத் துண்டுகளாக வெட்டிக் காட்சிக்கு வைத்தது சரியா?

இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் துண்டுகளாக நிற்கும் யு-534 என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கியின் படத்தைப் பார்த்து மனம் பதறித்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வணிகக் கப்பல்களின் என்ஜின் அறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கும் கப்பலை வெட்டுவது உவப்பானதல்ல. ஆயினும் இந்த ஒரு கப்பலின் விஷயத்தில், வெட்டியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

1945 மே 5 அன்று, டென்மார்க்கின் அன்ஹோல்ட் தீவுக்கு அருகே, பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானத்தின் தாக்குதலில் அது மூழ்கியது. கடலடியில் கிடந்த அதை 1993இல் தூக்கினார்கள். உள்ளிருந்து என்னிக்மா சங்கேத இயந்திரம்கூடக் கிடைத்தது. பின்னர் பர்க்கன்ஹெட்டுக்கு வந்த கப்பல், அங்கே அதை வைத்திருந்த அருங்காட்சியகம் 2006இல் மூடப்பட்டதும் ஆதரவற்று நின்றது. 2008இல் வெட்டி இடம் மாற்றி, 2009இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். வெட்டிய முகப்புகளைக் கண்ணாடியால் மூடியிருந்ததால், கடல்நீர் அரித்த குழாய்களையும் நசுங்கிய தகடுகளையும் உள்ளது உள்ளபடியே காண முடிந்தது.

முழுக் கப்பல் என்று நாம் நம்புகிறவையும் வெட்டுப்பட்டவையே. ஜெர்மனியின் கீல் நகருக்கு அருகில் லாபோ கடற்கரையில் நிற்கும் யு-995 நீர்மூழ்கியை, எங்கள் கப்பல் கீலில் நின்றிருந்த ஒரு சமயம் போய்ப் பார்த்தேன். பார்வையாளர்கள் நுழைவதற்காக கடல்நீரின் அழுத்தத்தைத் தாங்கும் அதன் உள்கூட்டிலேயே வாசல் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்களுக்கு நடுவே ஒருவர் ஒடுங்கி நடக்கும் அளவுக்கே வழி இருக்கிறது. எதிரே ஒருவர் வந்துவிட்டால் உடம்பைத் திருப்பி, முதுகை என்ஜினோடு ஒட்டிக்கொண்டுதான் அவருக்கு வழிவிட வேண்டும். அடுத்த பகுதிக்குப் போவதற்கு ஒரு வட்டத் துவாரத்தில் முதலில் காலை விட்டு, பிறகு தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. என்ஜின் ஓடும்போது அந்த இடம் எப்படிக் கொதித்திருக்கும், எப்படி இரைந்திருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாசலை வெட்டாமல் விட்டிருந்தால் இவை எதையும் நான் பார்த்திருக்க முடியாது.

போருக்குப் பின் நார்வே கடற்படையில் ஓடிய யு-995 1965இல் ஜெர்மனிக்குத் திரும்பியது. அதைப் போர்க்காலத் தோற்றத்துக்கு மாற்றியமைத்தே 1972 முதல் காட்டி வருகிறார்கள். சிகாகோவில் உள்ள யு-505 என்ற இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியிலும், அமெரிக்கர்கள் அதைக் கைப்பற்றிய பிறகு காணாமற்போன பாகங்களுக்குப் பதிலாக ஜெர்மன் நிறுவனங்கள் கொடுத்த பாகங்களைப் பொருத்தினார்கள். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் புதுப்பிக்கப்பட்டதை முழுமை என்றும் வெட்டப்பட்டதைச் சிதைவு என்றும் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கூரையைப் பற்றித்தான். யு-505 1954 முதல் அரை நூற்றாண்டு திறந்த வெளியில் மழையிலும் பனியிலும் நின்று துருவேறியது. 2004இல்தான் நிலத்தடிக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். யு-995 இன்றும் உப்புக் காற்றில் நிற்கிறது. வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் நீர் தேங்கித் துரு உள்ளுக்குள்ளேயே தின்பதைப் பார்த்ததில்லை.

நாஜிகளின் ஆயுதத்துக்கு இவ்வளவு பரிவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்தக் கொடியின் மீது எந்தப் பரிவும் இல்லை. 1940 செப்டம்பர் 17 இரவு, யு-48 என்ற நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் அதில் இறந்தார்கள். அக்கப்பலின் பணியாளர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். அவர்களிலும் ஏராளமானோர் திரும்பவில்லை. குழந்தைகளைப் பற்றி எழுதுகிறவர்கள், அடியில் என்ஜின் அறையில் உழைத்தவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அதே தொழிலைச் செய்தவன் என்பதால் இது என்னை உறுத்துகிறது. நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடம் எதுவானாலும், அந்த நீர்மூழ்கி தாக்கிய கப்பல்களின் பெயர்களையும், அவற்றில் இறந்த பணியாளர்கள் எந்த நாட்டவர் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கப்பல் முழுதாக நின்றாலும் துண்டுகளாக நின்றாலும், நான் முதலில் தேடிப் படிக்க விரும்புவது அந்தப் பட்டியலைத்தான்.