பள்ளிக்கரணையைக் காப்பது பத்திரப் பதிவில் தொடங்குகிறது

நகரம் வளர்வதை நிறுத்த முடியாது என்றால், புறநகரில் எஞ்சியுள்ள வயல்களையும் பறவைகளின் வாழிடங்களையும் எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தென்சென்னைப் புறநகரில், முன்பு நஞ்சையாக இருந்த மனையொன்றில் வீடு கட்டிக் குடியிருப்பவன் நான். எனவே பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான்.

தென்சென்னையின் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைக் கழுவெளி ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாக மதிப்பிடுகிறார்கள். சதுப்பு என்றாலே பயனற்ற தரிசு என்ற எண்ணம் நிலவியதால், பெருங்குடியில் குப்பைக் கிடங்கும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி அலுவலகங்களும் குடியிருப்புகளும் எழுந்தபோது அது இழப்பாகவே பலருக்குத் தோன்றவில்லை. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது. இவை பெரிய வெற்றிகளே.

ஆனால் கழுவெளியின் உயிர் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தாம்பரம், மாடம்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வடியும் நீர்தான் இங்கு வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. பூநாரையைப் படமெடுக்க விடியற்காலையில் போய் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த ஏரிகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இந்த ஏரிகளில் பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்கள் மனைகளாக மாறியதும் ஏரித் தண்ணீர் எவருக்கும் தேவைப்படுவதில்லை. தேவைப்படாத ஏரியின் மதகையும் வரத்துக்கால்வாயையும் பராமரிக்க ஆள் இல்லாமல் போகிறது. அதன்பின் கால்வாய் சாலையாவதற்கு அதிக நாள் ஆவதில்லை. வயலில் இரை தேடிய மடையானும் அரிவாள் மூக்கனும் அதற்கு முன்பே இடம் மாறிவிடும்.

ஆகவே, வீடு எழுந்தபின் இடிப்பதைவிட, விளைநிலம் மனையாகப் பதிவாகும் இடத்திலேயே தடுப்பதுதான் பயன் தரும் என்பது என் கருத்து. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, புறநகர் மனை வணிகம் திகைத்து நின்றது. அதுவரை எந்தப் போராட்டத்தாலும் நடக்காதது அது. மறு ஆண்டே வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணத்தின் பேரில் வழி திறந்தது. வாங்கிவிட்ட எளியவர்களை நினைத்தால் அதில் நியாயம் உண்டு; பொறுத்திருந்தால் எதுவும் முறையாகிவிடும் என்ற நம்பிக்கையையும் அது வளர்த்தது.

சென்னைப் பெருநகர எல்லை இப்போது 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டுவிட்டது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் ஏரி, வரத்துக்கால்வாய், மேய்க்கால் ஆகியவற்றைத் திட்ட வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, மனைப்பிரிவுகளுக்கு அதன் பிறகே அனுமதி தர வேண்டும்.

நீங்கள் மனை வாங்குவதாக இருந்தால் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டுமே பார்த்தேன். எங்கள் கொல்லைப்புறச் சுவர் நிற்கும் இடத்தில் வாய்க்கால் ஓடியது என்பதை, 2015 டிசம்பரில் தண்ணீர் உள்ளே வந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.