சாரல் நாளில் போர்வையில் பூனை முடி

மெஷின்ல துவைச்சும் போர்வையில பூனை முடி போகலன்னு கேட்டிருக்கீங்க. நனைஞ்ச முடி துணியோட ஒட்டிக்கும். துவைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறையை லேசா ஈரமாக்கி ஒரே பக்கமா தடவுங்க, முடி திரிதிரியா உருண்டு வரும். உதறிட்டு மெஷின்ல போடுங்க, அதுல முடியும் நூலும் சேருற வலையை (லின்ட் ஃபில்டர்) ஒவ்வொரு தடவையும் கழுவுங்க. செங்கோட்டைச் சாரல்ல கொடியில துணி காயாது. ஃபேனுக்குக் கீழ மொறுமொறுன்னு காயவிட்டு மறுபடி உதறுங்க, மிச்சமும் விழுந்துடும்.

வீட்டுக்குள்ளேயே வளர்ற பூனைக்கு வருஷம் முழுக்க முடி கொட்டும். வாரம் 3 நாள், 5 நிமிஷம் முடி படியுற திசையில வாருங்க. வயித்துல அழுத்தாதீங்க, பாவம், தோல் மெல்லிசு.

வட்டமா சொட்டை விழுந்தா படர்தாமரையா இருக்கலாம், நமக்கும் தொத்தும். தள்ளிப்போடாம கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.