பாதி விழித்திருக்கும் மூளை

மதிப்பிற்குரிய ஐயா,

விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதத்தில் பதினைந்து நாள் வெளியூர். கழுத்து வலியும் வயிற்றுக் கோளாறும் தீரவில்லை, போகிற இடத்தில் தூக்கமும் பிடிப்பதில்லை. கழுத்துத் தலையணை, வைட்டமின் மாத்திரை, அறைக்குள் உடற்பயிற்சி எல்லாம் முயன்றாகிவிட்டது. போன வாரம் நள்ளிரவில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, காலை எட்டு மணிக் கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தலையணையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், தண்ணீர் குடியுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும், எழுந்து நடங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அந்தப் ‘பெருமை’தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

எழுத வருவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஊர் ஊராக அலைந்தவன் நான். ஓர் இரவு தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்கு எழுந்து நடந்து, அலமாரியில் நெற்றியை மோதிக்கொண்டேன். முந்தைய ஊரின் அறையில் கழிவறைக் கதவு அந்தப் பக்கம்தான் இருந்தது. இருட்டில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இது எந்த ஊர் என்று வெகுநேரம் யோசித்தேன். விடிந்ததும் வீங்கிய நெற்றியோடு போய் ஒரு கம்பியை மாற்றி இணைத்து, ஒரு நாள் வேலையை மூன்று நாளாக்கினேன். ஆறு மணிக்கே வந்துவிட்டேன் என்று அன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

புது இடத்தில் முதல் நாள் தூக்கம் சரியாக அமையாது என்பது தூக்க ஆய்வாளர்களுக்குப் பழைய செய்தி. அதனால் ஆய்வுக்கூடத்தில் எடுத்த முதல் இரவுப் பதிவை ஒதுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். ‘முதல் இரவு விளைவு’ என்று அதற்குப் பெயர், சிரிக்காதீர்கள். 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைத் தேடினார்கள். அந்த இரவின் ஆழ்ந்த உறக்கத்திலும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட லேசாகவே உறங்குகிறது. பழகாத சத்தம் கேட்டால் சட்டென்று எழுப்பிவிடுகிறது. வாசலில் காவலுக்குப் படுத்தவரின் தூக்கம் அது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஊருக்கு ஓர் இரவு என்று சுற்றுகிற உங்களுக்கு எல்லா இரவும் முதல் இரவுதான். பதினைந்து நாளும் பாதி மூளை காவலுக்கு நிற்கிறது. அதற்கு மேல் நள்ளிரவு வரவு, காலை எட்டு மணிக் கூட்டம். இதை யார் உங்களிடம் கேட்டார்கள்? டிக்கெட் எடுத்தவர் நீங்கள், நேரம் குறித்தவரும் நீங்கள். ஓர் இரவு அறை வாடகையை மிச்சம் பிடித்து, பாதி விழித்த தலையோடு விலை பேசப் போகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூன்று ஊருக்கு மூன்று இரவு என்பதை, முடிந்த இடத்தில் ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி அங்கிருந்தே போய்வருவதாக மாற்றுங்கள். மீண்டும் போகிற ஊரில் அதே விடுதியையே கேளுங்கள். முக்கியமான பேச்சை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

அடுத்த முறை பொழுதோடு போய்ச் சேருங்கள், ஆர். படுக்கும் முன் விளக்கின் சுவிட்ச் எங்கே, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் என்று ஒருமுறை நடந்து தொட்டுப் பார்த்துவிடுங்கள்.