அம்மாவின் கால் வீக்கம் எந்த ஆண்டுப் பாடம்?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவன் நான். முதலாண்டுத் தேர்வில் உடற்கூறியலிலும் உயிர்வேதியியலிலும் தேறிவிட்டேன். உடலியங்கியலில் எட்டு மதிப்பெண்ணில் தோற்றுவிட்டேன். அடுத்த மாதம் துணைத்தேர்வு. வகுப்பில் பேராசிரியர் திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் அப்படியே வாசிக்கிறார். எனக்கு ஆர்வம் பொது மருத்துவத்தில்தான், அதில் எம்.டி. படிப்பதே இலட்சியம். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் அதற்கான காணொளி வகுப்புகளில் இப்போதே சேர்ந்திருக்கிறேன். தவளைத் தசையின் வரைகோட்டை மனப்பாடம் செய்வதால் நோயாளிக்கு என்ன பயன்? போன வாரம் அம்மா கைபேசியில் அழைத்து, மாலையானால் கால் வீங்கிச் செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது, ஏன் என்று கேட்டார். அது கடைசி வருடப் பாடம், எங்களுக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அன்றும் மனம் ஒன்றவில்லை. அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நான் தோற்றது அவருக்குத் தெரியாது. பிடிக்காத பாடத்தை எப்படிக் கடப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, முதலாண்டு மருத்துவ மாணவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. எட்டு மதிப்பெண்தானே, அடுத்த மாதம் எழுதித் தேறிவிடலாம், கவலை வேண்டாம் என்று நான் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல விடுதியில் உங்கள் அறை நண்பர்களே போதும். நான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் கோடு போட்டேன். பேராசிரியரைப் பற்றி நீங்கள் எழுதிய இடமோ தவளையைப் பற்றி எழுதிய இடமோ அல்ல அது. அம்மா கேட்ட கேள்விக்கு, "அது கடைசி வருடப் பாடம், எங்களுக்கு இன்னும் வரவில்லை" என்று நீங்கள் சொன்ன பதில்.

அந்தப் பதில் தவறு. நீங்கள் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். தவறு என்றே தெரியாமல் சொல்லியிருக்கிறீர்கள். தந்துகிகள் எனப்படும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களிலிருந்து நீர் எப்படி வெளியேறுகிறது, எப்படித் திரும்புகிறது, திரும்பாமல் தேங்கினால் என்ன ஆகிறது என்பது முதலாண்டு உடலியங்கியலில், இரத்த ஓட்டப் பகுதியிலேயே இருக்கிறது. எந்தப் பாடத்தில் தோற்றீர்களோ அதே பாடத்திலிருந்துதான் உங்கள் அம்மா கேள்வி கேட்டிருக்கிறார். துணைத்தேர்வுக்கு ஒரு மாதம் முன்பாகவே ஒரு கேள்வியை வீட்டிலிருந்து அனுப்பிவைத்தார். நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அந்த விடையை நானே எழுதுகிறேன், புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தந்துகியின் உள்ளே இருக்கும் இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம், குறிப்பாக அல்புமின், நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. இந்த இழுபறியை 1896இல் லண்டனில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியங்கியலாளர் விளக்கினார். வெளியேறிய நீர் பெரும்பாலும் சிரைப் பக்கத்திலேயே, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களின் பக்கத்திலேயே, திரும்பிவிடுகிறது என்று நாங்கள் படித்தோம். திசுக்களில் கசிந்த நீரை வடித்து இரத்தத்தில் சேர்க்கும் நிணநீர் நாளங்களின் பங்கு நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது என்று இப்போது திருத்திச் சொல்கிறார்கள். எப்படியானாலும் கணக்கு ஒன்றுதான்: தள்ளும் விசை கூடினாலோ, பிடிக்கும் விசை குறைந்தாலோ, தந்துகிச் சுவர் கசிந்தாலோ, நிணநீர் வழி அடைபட்டாலோ கால் வீங்கும். இந்த நான்கைத் தவிர ஐந்தாவது வழி ஏறக்குறைய இல்லை.

இப்போது துணிக்கடைக்கு வாருங்கள். அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதத்துச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறிவிடுகிறது. இதயத்திலிருந்து பாதம் வரை நிற்கும் இரத்தத்தின் எடைதான் அது. அதே ஆள் நடந்தால், கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் சிரையைப் பிழிந்து, வால்வுகளின் துணையோடு இரத்தத்தை மேலே ஏற்றுவதால், அந்த அழுத்தம் 20, 25 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆடாமல் அசையாமல் அரைமணி நேரம் நின்றாலே உடலின் இரத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கால்களின் திசுக்களுக்குள் கசிந்துவிடலாம். அணிவகுப்பில் நிற்கும் காவலர் மயங்கி விழுவதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. காலை முதல் இரவு வரை வாடிக்கையாளர் முன்னால் புடவையை விரித்துக் காட்டியபடி நிற்கும் ஒரு பெண்ணின் காலுக்கு என்ன நேரும் என்று இனி நீங்களே எழுதலாம். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்களே, அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருக்கும் உடலியங்கியலும் இதுதான். உங்கள் அம்மாவின் கடையில் இருக்கை இருக்கிறதா? இருந்தால் உட்கார விடுகிறார்களா? மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1700இல், இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "உங்கள் தொழில் என்ன" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். நீங்கள் அம்மாவின் தொழிலை எனக்கு எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் காலையும் கடையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். "பி.பி. மாத்திரை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பெயர் இல்லையா? மருத்துவம் படிக்கும் மகனுக்கு இரண்டு வருடமாகத் தாய் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியாது என்றால் அதை நான் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அது அம்லோடிபினாக இருக்கக்கூடும். நம் ஊரில் மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரை அது. அது இரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. வருகிற வாய்க்காலை அகலமாக்கிவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் என்ன நடக்குமோ அதுதான் தந்துகியில் நடக்கிறது; கணுக்கால் வீங்குகிறது. இதுவும் ஸ்டார்லிங்கின் கணக்குதான். அதற்காக, இதைப் படித்த வேகத்தில் கைபேசியை எடுத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். மாற்றுவதா, குறைப்பதா என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்லட்டும். ஏனென்றால் நின்று வேலை பார்ப்பதும் மாத்திரையும் மட்டுமே காரணம் என்று நானோ நீங்களோ இங்கிருந்தபடி சொல்ல முடியாது. நாள்பட்ட இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இதயமும் சிறுநீரகமும் பழுதுபடக்கூடும், அவை பழுதுபட்டாலும் முதலில் கால்தான் வீங்கக்கூடும்.

பொது மருத்துவத் தேர்வுகளில் பல ஆண்டுகள் தேர்வாளராக உட்கார்ந்தவன் நான். கால் வீக்கம் உள்ள நோயாளியிடம் இறுதியாண்டு மாணவரை அனுப்பினால், திரும்பி வந்து இதயம், சிறுநீரகம், கல்லீரல், சத்துக்குறைவு என்று காரணங்களைக் கந்த சஷ்டி கவசம் போல ஒப்பிப்பார். "இதயம் பலவீனமானால் நீர் ஏன் காலுக்குப் போகிறது? கைக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்பேன். அறை அமைதியாகிவிடும். "இதே நோயாளி ஒரு மாதமாகப் படுக்கையிலேயே இருந்தால் வீக்கத்தை எங்கே தேடுவாய்?" என்று கேட்டால் அமைதி இன்னும் கனக்கும். முதுகின் அடிப்பகுதியில் தேட வேண்டும். நீர் தாழ்ந்த இடத்தைத்தான் நாடும். இதைச் சொல்ல இறுதியாண்டுப் புத்தகம் தேவையில்லை, முதலாண்டுப் பாடத்தை உண்மையாகப் படித்திருந்தால் போதும். அவர்களும் உங்களைப் போலவே உடலியங்கியலைக் "கடந்து" வந்தவர்கள். கடந்து வந்தவர்களை வார்டில் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் குறைகளில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. திரையில் இருப்பதை வாசிப்பது கற்பித்தல் அல்ல. அப்படி வாசித்த சக ஆசிரியர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் 2019 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களையே நோயாளிகளிடம் அழைத்துச் செல்லும் வகுப்புகளைச் சேர்த்தார்கள். அந்த நேரங்களில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தவளைத் தசையைப் பற்றி ஒரு வார்த்தை: ஓரளவு வரை, இழுத்து நீட்டிய தசை கூடுதல் விசையோடு சுருங்குகிறது என்று அந்த வரைகோடுகள் காட்டுகின்றன, இதயத்துக்கும் அது பொருந்தும் என்று ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்தில்தான் முதலில் கண்டார், பிறகு ஸ்டார்லிங் அதை விரித்தார். நீங்கள் காணொளியில் பார்க்கும் இதயச் செயலிழப்பு வகுப்பு முழுவதும் அந்தத் தவளையின் மேல் நிற்கிறது.

அந்தக் காணொளிகளைப் பற்றிப் பேசாமல் விட முடியவில்லை. உங்கள் படிப்புக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு வரவேண்டிய பாடத்துக்கு இப்போதே பணம் கட்டியது உங்கள் அம்மா, அதுவும் தள்ளுபடிக்குச் சீட்டு எடுத்து. வீங்கிய காலோடு நின்று சம்பாதித்த அந்தப் பணத்தில் கால் வீக்கம் பற்றிய வகுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கேட்டபோது எங்களுக்கு இன்னும் வரவில்லை என்று சொன்னீர்கள். குடும்பம் ஒரு பிள்ளையை மருத்துவராக்கப் பாடுபடும்போது அந்தப் பிள்ளை பட்டம் வாங்கிய நாளில்தான் கடமை தொடங்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெள்ளை அங்கியை முதன்முதலாக மாட்டிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. மருந்து எழுதும் உரிமை உங்களுக்கு இன்னும் இல்லை, ஆனால் "எப்போதிருந்து வீங்குகிறது அம்மா? இரண்டு காலுமா, ஒரு காலா?" என்று கேட்க எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தர வேண்டியதில்லை. கேட்டிருந்தால் அன்று உங்கள் மனம் ஒன்றியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

தமிழ் வழியில் படித்ததைச் சுமையாக எழுதியிருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காகவே மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். தேர்வை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு பாடம் புரிந்ததா என்பதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, ஆங்கிலப் பள்ளியில் படித்த உங்கள் வகுப்புத் தோழர்கள் பலருக்கு இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். கடை விடுமுறை இல்லையென்றால் இரவு அவர் வீடு திரும்பும் வரை காத்திருங்கள். வீக்கத்தைப் பார்க்க அதுவே நல்ல நேரம். உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் மெல்ல அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுகிறதா என்று. காலையில் வடிந்துவிடுகிறதா, எழுந்தவுடன் முகம் உப்பியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்திக்கொள்கிறாரா, மாடி ஏறினால் இளைக்கிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அன்றிரவே அழைத்துச் செல்லுங்கள். செய்முறை வகுப்பில் கற்ற முறையில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். கருவி இல்லையென்றால் நண்பரிடம் கடன் வாங்கிப் போங்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்வில் தோற்றதையும் அன்றே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக அவர் தாங்கியதோடு ஒப்பிட்டால் அது பெரிய செய்தி அல்ல. திங்கட்கிழமை ஒரு நாள் அவருக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்து, உங்கள் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கே அழைத்து வாருங்கள். வரிசையில் அவரோடு நில்லுங்கள், அவரை உட்காரவையுங்கள்.

பிறகு எனக்கு எழுதுங்கள். துணைத்தேர்வு மதிப்பெண்ணை எழுத வேண்டாம். அம்மாவின் சிறுநீரில் புரதம் இருந்ததா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, மாத்திரையை மாற்றினார்களா, கடையில் உட்கார நாற்காலி போட்டார்களா என்று எழுதுங்கள்.